விட்டுச் சொன்ன வரி

கடலூர் முதுநகர்
3.6.2008

அன்புள்ள ராஜாமணிக்கு,

அண்ணி சவரியம்மாள் எழுதுவது. நானும் மகள் அனுப்பிரியாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். சிதம்பரத்தில் நீயும் மாப்பிள்ளையும் வெண்மதியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன், விஷயம் கரைந்துபோகும். வாயால் சொன்னது என்ன கதி ஆகும் என்று நீயே காட்டிவிட்டாய். இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் தெருக் கோயில்காரர்கள் பதினான்கு குடும்பம் ஜெபத்துக்கு வந்திருந்தது. பைபிள் வாசித்து முடித்ததும் விசுவாசப் பகிர்வு. அவரவர் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை அவரவர் வாயால் சொல்வது, உனக்குத் தெரியாததா? சிதம்பரத்திலிருந்து மாற்றலாகி வந்த அமராவதி டீச்சர் முறை வந்தது. அது சொல்லிற்று: "எனக்குச் சொந்தமா சொல்ல பெருசா ஒண்ணுமில்லீங்க. ஆனா சிதம்பரத்துல எங்க அன்பியத்துல ராஜாமணி அக்கான்னு ஒருத்தவங்க சொன்னத மறக்க முடியல. அவுங்களுக்கு ஒருத்தி துரோகம் பண்ணிட்டாளாம். ஒன்பது வருஷமா பரலோக மந்திரத்துல 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல'ன்னு வர்ற வரி வந்தா வாய மூடிக்குவாங்களாம். அந்த வரிய மட்டும் விட்டுட்டு மீதிய சொல்லுவாங்களாம். ஒரு பெரிய வெள்ளிக்கெழம சிலுவைக்கு முத்தம் குடுக்க வரிசைல நிக்கும்போது, தன்னால வாய் தொறந்து அந்த வரிய சொல்லிடுச்சாம்."

எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். யார் அந்தத் துரோகி என்று ஒருத்தி கேட்டாள். "அவுங்க அண்ணியாம். கூடப் பொறந்த அண்ணன் பொண்டாட்டி" என்றது டீச்சர். "ச்சே, இப்படியும் இருக்காளுங்களா!" என்று பேசிக்கொண்டார்கள். என் கையிலிருந்து சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே என்னைத் திட்டினார்கள். நானும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினேன்.

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டவள் நான். 2004இல் உனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருந்து பார்த்துக்கொண்டேன். உன் அண்ணன் போன துக்கத்தில் நானும், வலியில் நீயும் கிடந்த ஒரு மத்தியானத்தில் என் நெஞ்சைத் திறந்து உன்னிடம் மட்டும் சொன்னது அது. அதை உன்னுடையது என்று சொல்லிக்கொண்டது போதாது என்று என்னையே துரோகி ஆக்கிவிட்டாய்.

இதற்குப் பதில் வேண்டும்.

சவரியம்மாள்


சிதம்பரம்
29.6.2008

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் அன்பு மறவாத ராஜாமணி எழுதும் கடிதம். எல்லோரும் நலம். தங்கள் கால் வலி எப்படி இருக்கிறது? சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

வெண்மதிக்குப் பள்ளிக்கூடம் திறந்து, யூனிபாரம், நோட்டு என்று ஒரே அலைச்சல். அதனால்தான் பதில் தாமதம். அமராவதி டீச்சர் நல்ல மாதிரிதான், ஆனால் ஞாபக மறதி ஜாஸ்தி. பத்துப் பேர் சொன்னதை ஒருத்தர் சொன்னதாகச் சேர்த்துச் சொல்லும். நான் பொதுவாக மன்னிப்பைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை பேசினேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிச்சாவரத்திலிருந்து நல்ல இறால் கருவாடு வந்தது. கடலூர் வரும் ஆளிடம் ஒரு கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறேன். அண்ணன் இருந்தால் விரும்பிச் சாப்பிடும்.

என்றும் தங்கள்
ராஜாமணி


கடலூர் முதுநகர்
4.7.2008

ராஜாமணி,

நாங்கள் சுகம்.

கருவாடு வந்தது. தெருவில் வீசலாம் என்று எடுத்தேன், வீணாக்க மனசு வரவில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். செத்துப்போன உன் அண்ணனைக் கருவாட்டுக்குத் துணையாக அனுப்பாதே.

டீச்சரை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. நீ எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாய், எந்த இடத்தில் முந்தானையை எடுப்பாய் என்றுகூடச் சொல்கிறது. 2006இல் ஒரு தடவை சொன்னாயாம். அப்புறம் மாதர் சங்கத்தில், தவக்காலத் தியானத்தில், புதுநன்மைப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில். இப்போது நீதான் அங்கே அன்பியத் தலைவியாம். மாதா திருவிழாவில் மைக்கில் பேசப் போகிறாயாம். கேட்டவளுக்கு மறதியே இல்லை. சொன்னவளுக்குத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு உங்கள் அன்பியம் கூடும்போது எழுந்து நின்று, "இது என் அண்ணியோட அனுபவம், நான் பொய் சொன்னேன்" என்று சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது.

சவரியம்மாள்


சிதம்பரம்
4.8.2008

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று அன்பியம் கூடியது. நான் சொல்லவில்லை. எழுந்து நின்றேன். முப்பது முகம் என்னையே பார்த்தது. அறிவிப்பை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்பியம் ஆரம்பித்த புதிதில் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருத்தி பிள்ளை செத்துப் பிழைத்தது. ஒருத்தி புருஷன் குடியை விட்டான். என் முறை வந்தால், "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்பேன். மூன்று மாசம் அப்படியே சொன்னேன். நாலாவது மாசம் என்னை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து கோயில்காரி. ஞானஸ்நானம், நன்மை, உறுதிபூசுதல் எல்லாம் வரிசையாக நடந்தது. ஆண்டவர் எனக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கி வந்து சேர்ந்தவர். உங்களுக்குக் கதை இருக்கிறது, எனக்கு இல்லை.

அஞ்சாவது மாசம் வாயைத் திறந்தேன், உங்களுடையது வந்துவிட்டது. எல்லோரும் அழுதார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். திகைத்துப்போய், "எங்க அண்ணி" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்கும் ஆள் தேடி வருகிறது. பஞ்சாயத்து, சண்டை, மருமகள் அழுகை, எல்லாம் என்னிடம்தான் வருகிறது.

செப்டம்பர் 7ஆம் தேதி திருவிழாவில் நான் பேசுவது நோட்டீசில் அச்சாகிவிட்டது. அதுவரை விட்டுவிடுங்கள் அண்ணி. பேரே சொல்லாத அந்த ஒருத்தியையே நீங்கள் மன்னித்தீர்கள். என்னை மன்னிக்க மாட்டீர்களா?

தங்கள்
ராஜாமணி


கடலூர் முதுநகர்
7.8.2008

ராஜாமணி,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஒருத்தி யார் என்று நீ ஆஸ்பத்திரியில் கேட்கவே இல்லை. யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். இப்போது நானே சொல்கிறேன்.

1992 ஜனவரி 18, சனிக்கிழமை. பெண்ணாடத்தில் என் அம்மா செத்துப்போனாள். என் தம்பி பழனிவேல் தந்தி கொடுத்தான். 'மாரியம்மாள்' என்று என் பழைய பேருக்குக் கொடுத்திருந்தான், அவர்களுக்கு நான் கடைசி வரைக்கும் மாரியம்மாள்தான். 'மதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இமீடியட்லி.' தந்திக்காரன் வந்தபோது வாசலில் இருந்தவள் நீ. மறுநாள் சிதம்பரத்துக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. சாவு சேதி வந்த வீட்டில் பெண் பார்க்க மாட்டார்கள்.

மறுநாள் விடியக்காலையில் எழுந்து நாற்பது பேருக்குக் கேசரி கிளறினேன். வாழைக்காய், வெங்காயம் சீவி பஜ்ஜி போட்டேன். பெண்ணாடத்தில் என் அம்மாவைத் தூக்கின அதே நேரம், நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று, "இன்னும் ரெண்டு வைங்க, மாப்ள வீட்டுக்காரங்க கூச்சப்படுறாங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. தந்தி கொடுத்தும் வரவில்லை, பெற்ற தாய் முகம் பார்க்கக்கூட உன் புதுச் சாமி விடவில்லையா என்று என் தம்பி எழுதியிருந்தான். ஆறு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை.

தந்தி வழியில் தொலைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மே மாசம் உன் கல்யாணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது, உன் மாதா படத்தின் பின் அட்டை ஆணி கழன்றிருந்தது. சரி செய்யப் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்தாய். அதை எடுத்துக்கொண்டு, அட்டையை மறுபடி ஆணி அடித்து, புடவைக்கு நடுவில் பத்திரமாக வைத்து உன்னை அனுப்பினேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெட்டிப் போட்டிருப்பார். ஆஸ்பத்திரியில் உன்னிடம் பேர் சொல்லாமல் சொன்னது, நீயே வாயைத் திறப்பாய் என்றுதான். நீ அழுதுவிட்டு, ஹார்லிக்ஸ் கேட்டாய்.

நான் மன்னித்தது உன்னைத்தான். அந்த மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு போய், நீ என்னை மன்னித்ததாக ஊருக்குச் சொல்லியிருக்கிறாய். நல்லாயிருக்குதடி நியாயம்!

கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நேற்றுப் பூசையில் அந்த வரி வந்தபோது மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். செப்டம்பர் 7ஆம் தேதி வருகிறேன். தந்தி என் கைப்பையில் இருக்கும். மைக்கில் நீ சொல்கிறாயா, நான் வாசிக்கட்டுமா என்று முடிவு செய்துகொள்.

சவரியம்மாள்


(அஞ்சலட்டை)

கடலூர் முதுநகர்
28.8.2008

ராஜாமணிக்கு,

இருபது நாளாகப் பதில் இல்லை. அதனால் கவரில் வைக்காமல் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, உன் எதிர்வீட்டுக்காரி வாங்கிப் படித்தாலும் சரி.

7ஆம் தேதி சாயங்காலம் வருவேன். அன்றைக்குப் பஜ்ஜி போடும்போது கட்டியிருந்த பச்சைச் சுங்குடிப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. அதைத்தான் கட்டி வருவேன்.

ச.


சிதம்பரம்
2.9.2008

அண்ணி,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

வாருங்கள். முதல் வரிசையில் நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்.

ராஜாமணி


கடலூர் முதுநகர்
11.9.2008

ராஜாமணி,

சுகமாக வந்து சேர்ந்தேன். கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

நாற்காலி போட்டிருந்தாய். உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்தே வைத்திருந்தேன். நீ நீலக்கரைப் புடவையில் மேடையில் ஏறினாய். வழக்கமான இடத்தில் குரலைத் தாழ்த்தினாய், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினேன். அப்போது சொன்னாய்: "இது என்னோட கத இல்லீங்க. என் அண்ணியோட கத. இதுல வர்ற அந்தப் பாவி நான்தான்." தந்தியைச் சொன்னாய். பஜ்ஜியைச் சொன்னாய். ஒன்றையும் விடவில்லை.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? கல்லெறிவார்கள் என்று அல்ல. குறைந்தபட்சம் முகத்தையாவது சுளிப்பார்கள் என்று நினைத்தேன். கைதட்டினார்களே! பங்குச் சாமியார் எழுந்து, இப்படி ஒரு சாட்சியம் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். பொம்பளைகள் ஓடிவந்து உன் கையைப் பிடித்து அழுதார்கள். "கொஞ்சம் நகருங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்று ஒருவர் என் நாற்காலியைப் பிடித்து ஒதுக்கினார். பச்சைச் சுங்குடியை யாரும் பார்க்கவில்லை. உன் கதை போன தடவையை விட இந்தத் தடவை நன்றாக எடுபட்டது. என் அம்மாவின் சாவையும் சேர்த்துக்கொண்டாய் அல்லவா!

பழி வாங்க வந்தவள் நான். பேர் வாங்கியது நீ. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேடையிலிருந்து இறங்கி என்னைத் தேடினாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். பதினாறு வருஷமாகத் தேடாதவள் அன்றைக்கு ஒரு கால் மணி நேரம் தேடினாயாக்கும். ஊருக்கெல்லாம் சொன்னாய் ராஜாமணி. மைக்குக்குச் சொன்னாய். என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரியில் வாயை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

சவரியம்மாள்


சிதம்பரம்
14.12.2008

அன்புள்ள அண்ணிக்கு,

நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் பக்கம் எப்படி? கூரை ஒழுகுகிறதா?

மூன்று மாசமாக எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதும்போது ஒவ்வொரு வரியும் மேடையில் பேசுகிற மாதிரியே வந்தது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தந்தியைப் படித்ததும் முதலில் அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் அடுக்களைக்கு வந்தேன். அடுப்பு முன்னால் நீங்கள் நின்றிருந்தீர்கள். மறுநாளைக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தீர்கள். "என்னடி பொண்ணு, மூஞ்சி வெளுத்துப்போய்க் கெடக்கு, பயமா? நான் இருக்கேன்ல" என்றீர்கள். திரும்பிப் போய்ப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் நீங்கள் வெங்காயம் சீவும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டீர்கள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எதற்கு அழ வேண்டும் என்று தெரியாமலே அழுதீர்கள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இதை மேடையில் நான் சொல்லவில்லை.

கல்யாணமாகி வந்த மறுநாளே படத்தைப் பிரித்தேன். தந்தி இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் 'ஒருத்தி' என்றபோது என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிந்தது. தெரியாது என்றால் அதுவும் பொய். நானாகச் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தீர்கள், அதுவும் தெரிந்தது. ஹார்லிக்ஸ் கேட்டேன்.

திருவிழாவுக்கு அப்புறம் நாலு ஊரிலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். உங்கள் கடலூர் கோயிலிலிருந்தும் கூப்பிட்டார்கள். போகவில்லை. அன்பியத் தலைவி வேலையையும் விட்டுவிட்டேன். இப்போது என் முறை வந்தால் "ஒண்ணுமில்லீங்க" என்கிறேன். முன்பு அப்படிச் சொன்னால் வெட்கமாக இருக்கும். இப்போது அப்படி இல்லை.

அண்ணி, உங்கள் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவள் நான். உங்களிடம்தான் சொல்கிறேன். மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. அதை ஏற்கெனவே ஒரு தடவை திருடிவிட்டேன். நீங்கள் என்ன தண்டனை சொன்னாலும் செய்கிறேன்.

ராஜாமணி


கடலூர் முதுநகர்
5.1.2009

ராஜாமணிக்கு,

கூரை ஒழுகவில்லை. கால் வலி மட்டும் பனிக்கு ஜாஸ்தி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெங்காயம் சீவிய இடத்தில் மூன்று தடவையும் நிறுத்திவிட்டேன். எனக்கே ஞாபகமில்லாத என் அழுகையை நீ இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாய்.

தண்டனை கேட்டாய் அல்லவா? எழுதிக்கொள்.

இந்த மாதம் 18ஆம் தேதி எங்கள் அம்மாவின் நினைவு நாள். ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. பெண்ணாடத்தில் பழனிவேல் வீட்டில் படையல். நீ காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. மாப்பிள்ளை வேண்டாம், வெண்மதி வேண்டாம், நீ மட்டும் வா. தந்தியை என் தம்பி கையில் நீயே கொடு, நான் வாசலில் வைத்து உன்னிடம் தருகிறேன். அவன் கோபக்காரன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள். நான் நடுவில் வரமாட்டேன்.

அதற்கப்புறம் அடுக்களைக்குப் போ. நாற்பது பேருக்குக் கேசரி கிளறு. வாழைக்காய், வெங்காயம் நீயே சீவு. பஜ்ஜியை நீயே போடு. கூடமாட உதவிக்கு யாரும் வரமாட்டார்கள், சொல்லி வைத்துவிட்டேன். புகை கண்ணில் ஏறும், எண்ணெய் கையில் தெறிக்கும். வாசலில் ஆட்கள் வரும்போது, "இன்னும் ரெண்டு வைங்க" என்று சிரித்த முகத்தோடு பரிமாற வேண்டும். மன்னித்தேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, தேடிப் பார்க்காதே.

நான் அடுக்களைப் பக்கமே வரமாட்டேன். கூடத்தில் அம்மா படத்துக்கு முன்னால் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பதினேழு வருஷத்துக்கும் சேர்த்து அழப் போகிறேன். நான் அழுது முடிக்கிற வரைக்கும் நீ அடுப்பை அணைக்கக் கூடாது.

வரும்போது சுங்குடிப் புடவை ஏதாவது பழசாக இருந்தால் கட்டிக்கொண்டு வா. நல்ல புடவையைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணி
மாரியம்மாள்